பெரியப்பாவின் மார்செய்யேஸும் மாமாவின் மில் சங்கும்

பெரிய மார்க்கெட் பற்றி எழுதுவதாகப் போன பதிவில் சொல்லியிருந்தேன். அது அப்புறம். நடுவில் வீட்டில் ஒரு வாக்குவாதம் வந்துவிட்டது. அதை எழுதி இறக்கி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

விஷயம் இதுதான். ஜூலை 13 ராத்திரி வழக்கம்போல் விளக்கு ஊர்வலம் பார்க்கப் போனேன். கையில் காகிதக் கூண்டு விளக்கு ஏந்தி, மார்பில் பதக்கங்கள் குத்திக்கொண்டு பழைய சொல்தாக்களும் அவர்கள் குடும்பத்தாரும் வீதியில் வருவார்களே, அதுதான். முன்பெல்லாம் எண்ண முடியாது. இப்போது பதக்கம் போட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். பாதிப் பேருக்குப் பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மறுநாள் காலை கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைத்தார்கள். பாண்டு வாத்தியம் இரண்டு நாட்டு கீதங்களையும் வாசித்தது. கல்லூரியில் படிக்கும் என் பேரன் அன்று என்னோடு வந்திருந்தான். முழங்கால் சரியில்லாததால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முடிந்தது. நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்றினார்கள். நாங்களும் காந்தி சிலைப் பக்கம் காப்பி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் அந்த மெட்டு என்னை விடவில்லை. குளிக்கும்போது வருகிறது, சாப்பிடும்போது வருகிறது, மாத்திரை எண்ணும்போது வருகிறது. ராத்திரி படுக்கையை உதறும்போது பேரன் வாசலில் நின்று கேட்டான்.

"தாத்தா, ஜன கண மனக்கு நேரா நின்னீங்க. அந்தப் பாட்டுக்கு அழுதீங்க. நம்மள ஆண்டவங்க பாட்டுக்கு எப்படி அழுகை வருது?"

தூசி விழுந்தது என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. அரசாங்கத்தில் முப்பத்தொன்பது வருஷம் எழுத்தராக இருந்தவன் நான். வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் கோப்பை மூடிப் பழக்கமில்லை. அவகாசம் எடுத்துக்கொண்டு இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நான் 1949இல் பிறந்தவன். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேர் கூடி வாக்களித்து, அதில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்று சொல்லி, நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியபோது எனக்கு வயது 5. பிரெஞ்சுக் கொடி இறங்கியது எனக்கு ஞாபகமே இல்லை. அன்று வீட்டில் கேசரி கிளறினார்கள் என்பது மட்டும் ஞாபகம். சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16. அதற்குள் நான் கல்வே கல்லூரியில் பிரெஞ்சு வினைச்சொற்களை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். காலையில் ஜன கண மன, பிறகு நாள் முழுக்கப் பிரெஞ்சு, வீட்டுக்கு வந்தால் தமிழ். எங்கள் தலைமுறையில் பலர் அப்படித்தான் வளர்ந்தோம். ஆக, மார்செய்யேஸை ஓர் ஆட்சியின் பாட்டாக நான் கேட்டதே கிடையாது. எனக்கு அது பெரியப்பா சவரம் பண்ணிக்கொள்ளும் பாட்டு.

பெரியப்பா சொல்தா. சைகோனில் இருந்து 1955இல் திரும்பி வந்தார். இந்தோசீனாவில் என்ன பார்த்தார், என்ன செய்தார் என்று யாரிடமும் பேச மாட்டார். காலில் ஒரு தழும்பு இருந்தது. அதைக் கேட்டால் "நாய் கடிச்சது" என்பார். எந்த நாய் அப்படிக் கடிக்கும் என்று எங்கள் பாட்டி முணுமுணுப்பார். தினமும் காலையில் முற்றத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, தூணில் கண்ணாடியை மாட்டி, கிண்ணத்தில் சோப்பைக் குழைத்து முகமெல்லாம் வெள்ளையாகப் பூசிக்கொள்வார். வெந்நீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. கத்தி கன்னத்தில் இறங்கும்போது வாயைத் திறக்க முடியாது என்பதால் மூக்கால்தான் பாடுவார். சொல் கிடையாது, வெறும் முனகல். கத்தியைத் துடைக்கும் இடைவெளியில் மட்டும் இரண்டு சொல் வெளியே வரும். கடைசியில் கொலோன் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றிக் கன்னத்தில் அறைந்துகொள்வார். மிச்சத்தை என் கன்னத்தில் தடவுவார். சில்லென்று எரியும்.

இன்றைக்கும் பாண்டு அந்த முதல் சுரத்தை ஊதினால் எனக்கு வலது கன்னம் சில்லென்கிறது. பிரான்ஸ் தேசம் எனக்குக் கண்ணில் தெரிவதில்லை. நான் போனதும் இல்லை. பெரியப்பா பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். 1962க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்கும் என்ற நிலை இருந்தபோது என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. "நான் எங்க போகப்போறேன், என் பொணம் இந்த ஊர்லதான் வேகணும்" என்றாராம். அவர் சொன்னபடியே நடந்தது. அதைப்பற்றி எனக்கு வருத்தம் கிடையாது. மாதாமாதம் ஈரோவில் பென்ஷன் வாங்குகிறவர்களைப் பார்த்து என் வீட்டுக்காரிக்குக் கொஞ்சம் உண்டு.

நான் சொல்ல வந்தது என்னவென்றால், ஒரு பாட்டு முடிந்த பிறகு நம்மிடம் தங்குவது அந்தப் பாட்டின் அர்த்தம் அல்ல. அதைக் கேட்ட நேரம்தான் தங்குகிறது. எந்த இடத்தில் நின்றோம், கையில் என்ன இருந்தது, பக்கத்தில் யார் இருந்தார், என்ன வாசனை அடித்தது, இதையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி மெட்டின் முதுகில் ஏற்றிவிடுகிறோம். அப்புறம் மெட்டு வரும்போதெல்லாம் மூட்டையும் வருகிறது. மார்செய்யேஸின் சொற்களைப் படித்துப் பாருங்கள், ரத்தமும் ஆயுதமுமாக இருக்கும். சவரம் பண்ணும்போது பாடத்தக்க பாட்டே அல்ல. எனக்கோ அது சோப்பு நுரைப் பாட்டு.

பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கேட்ட பாட்டுகள்தான் கிழவயதில் அதிகம் நிற்கும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதற்கும் முன்னாலேயே ஏறியிருக்கிறது. பள்ளியில் சொல்லிக்கொடுத்த 'ஃப்ரேர் ஜாக்' இன்னும் வரிசை மாறாமல் வருகிறது. போன வாரம் வங்கியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாஸ்புக்கை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் அரை மணி நேரம் தேடினேன். சட்டைப் பையில்தான் இருந்தது.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் கேட்ட பாட்டு முடிந்தால் முடிந்ததுதான். திரும்ப வைக்க வழி கிடையாது. இலங்கை வானொலியைக் கடற்கரை ஊர்க்காரர்களான நாம் எப்படிக் கேட்டோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை நிலையத்தைவிடக் கொழும்பு நமக்குத் துல்லியமாகக் கேட்கும். கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் பேசினால் பக்கத்து வீட்டில் பேசுவது போல இருக்கும். ஒரு பாட்டு முடிந்து அடுத்த அறிவிப்பு வரும் அந்தச் சில நொடிக்குள் போன பாட்டை மனசுக்குள் மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடி அது எப்போது வருமோ, நாளையோ, அடுத்த மாதமோ. அதுவரை அதை நாமே உள்ளுக்குள் பாடிக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பாடிப் பாடித்தான் அது தங்கியது. பேரனுடைய போனில் ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது தானாகப் பிடித்துக்கொள்கிறது. அவனைக் குறை சொல்லவில்லை. அவனுக்கும் ஏதோ தங்கும். எப்படித் தங்கும் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

பாட்டு நின்ற பிறகு மனிதன் படும் பாட்டை ஒருவர் இந்த ஊரில் உட்கார்ந்தே எழுதி வைத்திருக்கிறார். பாரதியார் 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் இங்கே இருந்தார். ஊருக்கு மேற்கே உள்ள மாஞ்சோலையில் ஒரு குயில் பாடுவதாக வைத்துக் 'குயில் பாட்டு' எழுதினார். அதற்குத் தத்துவம் சொல்கிறவர்கள் சொல்லட்டும், நான் அவ்வளவு படித்தவன் இல்லை. எனக்குப் பிடித்தது கடைசிப் பகுதி. கனவு கலைகிறது. குயிலும் இல்லை, சோலையும் இல்லை. வீட்டில், சுற்றிலும் பழைய ஏடுகளும் பேனாவும் பத்திரிகைகளும் கிழட்டுப் பாயுமாகக் கிடக்கின்றன. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் அசந்து எழுந்து, எதிரே பிரெஞ்சுக் காலத்துப் பதிவேடுகள் அடுக்கியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடம் ஞாபகம் வரும். பாட்டு போய்விட்டது, பாய் மட்டும் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பாய்மேல் உட்கார்ந்துதானே அவர் அவ்வளவையும் எழுதியிருக்கிறார்.

சரி, இதோடு நிறுத்தினால் பேரனுக்குப் பாதிப் பதில்தான். பெரியப்பா கதையைச் சொல்லி மாமா கதையை மறைத்தால் அது பொய்க்கணக்கு.

அம்மாவின் அண்ணன், என் மாமா, மில்தொழிலாளி. 1920இல் பிறந்தவர். பதினாறு வயதில் சவானா மில்லில் இருந்தார். 1936 ஜூலை 30 என்ன நாள் என்று உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாத இளையவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். வேலைநிறுத்தம் செய்த மில்தொழிலாளர்கள்மீது அன்று பிரெஞ்சு அரசாங்கத்தின் ஆயுதப் படை சுட்டது. 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த போராட்டம் அது. அந்த ரத்தத்துக்கு அப்புறம்தான் 1937இல் எட்டு மணி நேர வேலை என்பது இங்கே சட்டமானது. அதற்கு முன்னால் விடிவதற்குள் போய் இருட்டிய பிறகு வருவார்களாம். "பகல் வெளிச்சத்துல எங்கம்மா மொகத்தப் பாத்தது ஞாயித்துக்கெழமதான்டா" என்று மாமா சொல்வார்.

அன்று மாமா கூட்டத்தில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஓடியவர் விழுந்தார். மாமா விழவில்லை. இதற்கு மேல் அவர் சொன்னதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்வார். அதற்குப் பதினாறு நாள் முன்னால், ஜூலை 14 அன்று, கடற்கரையில் கொடியும் தோரணமும் கட்டிப் பாண்டு வாசித்ததை மற்ற பையன்களோடு நின்று வேடிக்கை பார்த்தாராம். மெட்டு நன்றாக இருக்கிறதே என்று மில்லில் நூல் இழுக்கும்போது அதையே விசிலடித்துக்கொண்டிருந்தாராம். "விசிலடிச்சவன் வாயில மண்ணப் போட்டானுங்க. அந்தப் பாட்டக் கேட்டா எனக்கு வேட்டுச் சத்தந்தான்டா கேக்குது."

இதனால் எங்கள் வீட்டில் ஒரு சங்கடம் நிரந்தரமாக இருந்தது. மாமா வந்திருக்கும் நேரத்தில் பெரியப்பா முனக ஆரம்பித்தால், மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். "வர்றேன்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். சண்டை எல்லாம் கிடையாது. கல்யாணம் காட்சி என்றால் இருவரும் "வாங்க மச்சான்", "உக்காருங்க மச்சான்" என்று மரியாதையாகத்தான் இருப்பார்கள். பெரியப்பாவுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வருகிற முனகலை அவரால் நிறுத்த முடியாது, தனக்கே தெரியாமல் வருவது அது. அம்மா சமையலறையிலிருந்து பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைப்பார். அதுதான் எச்சரிக்கை மணி.

இரண்டு பேரில் யார் சொன்னது சரி? சின்ன வயதில் நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். மாமா பக்கம் நியாயம் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. பெரியப்பா பக்கமும் அநியாயம் எதுவும் இல்லை. அவர் சுடவில்லை. சோற்றுக்குப் பட்டாளத்தில் சேர்ந்தவர். தூரதேசத்தில் பயந்து கிடந்த ராத்திரிகளில் கூட இருந்தவர்களோடு சேர்ந்து பாடிய பாட்டு அவருக்கு அது.

அந்தப் பாட்டின் சொந்தக் கதையும் இதே குழப்பம்தான். 1792 ஏப்ரலில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ருழே தெ லில் என்ற பட்டாளத்துப் பொறியாளர் ஒரே ராத்திரியில் எழுதியது. ரைன் நதிப் படைக்கான போர்ப்பாட்டு என்பதுதான் முதல் பெயர். மார்செய் நகரத்துத் தொண்டர்கள் பாரிசுக்குள் பாடிக்கொண்டே நுழைந்ததால் பெயர் மாறியது. எழுதச் சொன்ன நகரத் தலைவர் தீத்ரிக், மறுவருஷமே புரட்சிக்காரர்களால் தலை வெட்டப்பட்டுச் செத்தார். எழுதியவரையும் சிறையில் போட்டார்கள். 1795 ஜூலை 14 அன்று நாட்டு கீதமாக்கினார்கள், பிறகு ஓரங்கட்டினார்கள், 1879இல் மறுபடி கொண்டுவந்தார்கள். இதில் எனக்கு ரொம்ப வேடிக்கையாகப் பட்டது ஒன்று. ருஷ்யாவில் ஜார் மன்னருக்கு எதிராகக் கிளம்பிய தொழிலாளர்கள் இதே மெட்டில் தங்கள் சொற்களைப் போட்டு, 'தொழிலாளர் மார்செய்யேஸ்' என்று வேலைநிறுத்தங்களில் பாடினார்கள். அங்கே மில்தொழிலாளி பாடின மெட்டு, இங்கே மில்தொழிலாளிக்கு வேட்டுச் சத்தம். இதை நான் தெரிந்துகொண்டது மாமா போன பிறகு. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். "அவன் ஊர்ல சுட்டவன் வேற பாட்டுப் பாடியிருப்பான்" என்று சொல்லியிருப்பார் என நினைக்கிறேன்.

ஆகவே பாட்டைக் கேட்டுக் கண் கலங்குகிறவனைப் பார்த்து, நீ எந்த நாட்டுக்காரன் என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கண்ணீர் வாக்குச்சீட்டு இல்லை. அதே மாதிரி, எழுந்து போகிறவனைப் பார்த்து, பழசை எல்லாம் இன்னுமா பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்பதும் கூடாது. இந்த இரண்டாவது பேச்சை இப்போது அதிகம் கேட்கிறேன். வெள்ளை நகரத்துச் சுவர்களுக்கு மஞ்சள் பூசிச் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுகிறோமல்லவா, அதில் பிரெஞ்சுக் காலம் முழுக்க ரொட்டியும் காப்பியும் பாண்டு வாத்தியமுமாக ஆகிவிட்டது. விடிவதற்குள் மில்லுக்குப் போனவர்கள் அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை.

அங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல். ஜூலை மாதத்தில் நம் ஊருக்கு இரண்டு நாள். 14க்கு விளக்கு உண்டு, பாண்டு உண்டு, பார்க்க வருகிறவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். 30க்குத் தொழிற்சங்கக்காரர்கள் வருகிறார்கள், கொடியேற்றுகிறார்கள், மாலை வைக்கிறார்கள், முழக்கம் போடுகிறார்கள், கலைகிறார்கள். பக்கத்துக் கடைக்காரரே என்ன விசேஷம் என்று கேட்கிறார். ஏன் இப்படி என்று யோசித்தால், அரசியல் காரணம் ஆயிரம் சொல்லலாம். எனக்குத் தோன்றுவது சின்னக் காரணம்தான். முதலாவதற்கு ஒரு மெட்டு இருக்கிறது. இரண்டாவதற்கு, ஊர்ப் பிள்ளைகள் வாயில் முணுமுணுக்கிற மாதிரி ஒரு மெட்டு அமையவில்லை. முழக்கம் அன்றைக்கே தொண்டையோடு போய்விடுகிறது. மெட்டு இருந்தால் தலைமுறை தாண்டி வந்திருக்கும். அர்த்தம் தெரியாமலாவது வந்திருக்கும். நான் மார்செய்யேஸை அர்த்தம் தெரிந்தா கற்றேன்?

மாமாவுக்கென்று இருந்தது மில் சங்கு ஒன்றுதான். பின்னாளில் அவர் ரோடியர் மில்லுக்கு மாறி, அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்று வருஷங்கள் ஆன பிறகும், விடியற்காலைச் சங்கு ஊதினால் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். கால் தானாகச் செருப்பைத் தேடும். "எதுக்குடா எழுந்தோம்" என்று யோசித்துவிட்டு மறுபடி படுப்பார். அந்தச் சங்கு மாமாவுக்கு மட்டும் சொந்தமில்லை. முதலியார்பேட்டையே அதைக் கேட்டுத்தான் உலை வைத்தது, பிள்ளைகளை எழுப்பியது. ஒரே சுரம், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை, அதைப் பாட்டு என்று சொன்னால் சங்கீதக்காரர்கள் அடிக்க வருவார்கள். 2020இல் மில்லை ஒரேயடியாக மூடினார்கள். இன்றும் விடியலில் விழிப்பு வந்தால் நான் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துப் படுத்திருக்கிறேன். என் வயதுக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் கேட்டேன். அவர்களும் அப்படித்தானாம்.

இனிச் சொல்லப்போவது 1991இல் நடந்தது. இதைத்தான் பேரனுக்குச் சொன்னேன்.

அப்போது பெரியப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது. பெற்ற பிள்ளையை, செத்துப்போன தம்பி பெயர் சொல்லி, அதாவது என் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சாப்பிட்டதும் சாப்பிடவில்லை என்பார். ஆனால் மெட்டு மட்டும் போகவில்லை. ஞாபக மறதி நோய் வந்தவர்களுக்குப் பழகின பாட்டு மற்றதெல்லாம் போன பிறகும் நிற்கும் என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். அன்று எங்களுக்கு அது தெரியாது. பார்த்துத் தெரிந்துகொண்டோம். காலையிலிருந்து சாய்வு நாற்காலியில் அதே முனகல்.

ஒருநாள் மாமா அவரைப் பார்க்க வந்தார். அவருக்கே எழுபதைத் தாண்டிவிட்டது, மாமியும் போய்ச் சேர்ந்துவிட்ட சமயம். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பெரியப்பா ஆரம்பித்தார். நான் மாமாவின் துண்டைப் பார்த்தேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன், எழுந்திருக்கவில்லை. முட்டி வலியோ என்னவோ.

பெரியப்பா அன்று முனகாமல் சொற்களோடு பாடினார். பாடிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றுவிட்டார். அடுத்த சொல் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து எடுத்தார், அதே இடத்தில் நின்றது. மூன்றாவது முறையும் நின்றபோது நாற்காலிக் கையைத் தட்ட ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. தொலைத்த பொருளைத் தேடும் குழந்தை முகம். எனக்குச் சொல் தெரியும். ஆனால் மாமா எதிரே அதை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமா எழுந்தார். வாசலில் போய் எச்சிலைத் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, அந்த ஒரு சொல்லைச் சொன்னார். பாடவில்லை, சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில். பெரியப்பா அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைப் பாடி முடித்தார். முடித்துவிட்டு, "மெர்சி மச்சான்" என்றார். பல நாளுக்குப் பிறகு அவர் ஒருவரைச் சரியான உறவு சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.

மாமாவுக்கு அந்தச் சொல் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மில்லுக்குப் போவதற்கு முன்னால் மூன்றாவது வரை படித்தவர். அந்தக் காலத்தில் பிரம்படி கொடுத்துச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். திரும்பத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்து, புதிதாக ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"சனியன், மறக்க மாட்டேங்குது."

நாலைந்து மாதத்தில் பெரியப்பா போய்விட்டார். சொல்தா சங்கத்துக்காரர்கள் மூவண்ணக் கொடி கொண்டுவந்து போர்த்தினார்கள். முன்பக்கம் தோள் கொடுத்தவர்களில் மாமாவும் ஒருவர். அவர் 1999 வரை இருந்தார்.

இதைச் சொல்லி முடித்ததும் பேரன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "30ஆம் தேதி மாலை வெக்கிறது எத்தன மணிக்கு தாத்தா?" என்று கேட்டான். காலையில் என்றேன். வண்டியில் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான். போய் வந்தோம். வெயில் அன்று கொஞ்சம் அதிகம்தான். நிழலில் நிற்க ஒரு பந்தல் போட்டிருக்கலாம்.